படத்தில் தோற்கிற மாப்பிள்ளை

கல்லூரி மொழி ஆய்வகத்தின் மூலைக் கணினியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் ஓடிக்கொண்டிருக்க, பக்கத்து நாற்காலியில் மேடம் வாயைக் கையால் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்த அந்த மாலை நாலேகால் மணி இன்றும் எனக்குள் அப்படியே இருக்கிறது. அவர் கிருஷ்ணன்கோவில் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் ஆங்கில விரிவுரையாளர். நான் அங்கே ஆய்வகத்து டெக்னீசியன். வேகமாகப் பேசும் ஆங்கிலம் பையன்கள் காதில் விழவேண்டும் என்று பழைய ஹாலிவுட் படங்களைத் தேடி எடுத்து வருவார். வகுப்பில் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று குறிப்பதற்காக, கல்லூரி பஸ் கிளம்பும்வரை இருவரும் முன்கூட்டியே பார்ப்போம். நான் ராஜபாளையம் பஸ், அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ். ஐந்து மணிக்குப் பிரிந்துவிடுவோம்.

எல்லாப் படமும் ஏறக்குறைய ஒரே கதைதான். கணவனும் மனைவியும் ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை போட்டு விவாகரத்துக்குப் போவார்கள். தீர்ப்பு முழுதாக அமலுக்கு வர இன்னும் சில நாட்கள் இருக்கும். அதற்குள் மனைவிக்கு வேறொரு மாப்பிள்ளை அமைவார். நல்ல மனிதர். சொன்ன நேரத்துக்கு வருவார், பொய் பேசமாட்டார். ஆனால் யாராவது வேடிக்கையாக ஒன்று சொன்னால் அவருக்கு மட்டும் ஒரு நிமிடம் கழித்துத்தான் புரியும். கணவனோ வாயாலேயே வாழ்கிறவன். கடைசியில் அவனும் அவளும் சேர்ந்துவிடுவார்கள், அந்த மாப்பிள்ளை கையில் பூங்கொத்தோடு நிற்பார். அவரைப் பார்த்துப் பையன்கள் ஊளையிடுவார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன், கொஞ்ச நாள் வரை.

மேடத்துக்கும் அப்போது விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் இருவரும் சம்மதித்து மனுக் கொடுத்திருந்தார்கள். ஆறு மாதம் கழித்து வந்து இன்னொரு முறை சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். அந்த ஆறு மாதத்தில்தான் நாங்கள் இந்தப் படங்களைப் பார்த்தோம். முப்பத்தாறு வயதுவரை தனியாக இருந்த எனக்கு, அந்த முக்கால் மணி நேரத்துக்காகவே நாள் விடிந்தது. ஆனால் திரையில் கணவன் ஏதாவது குறும்பு செய்யும்போதெல்லாம் அவர் படத்தை நிறுத்தி, "இவன் அப்படியே எங்க வீட்டு அவியதான் சார்" என்று தன் கணவரைச் சொல்வார். அப்போது அவர் முகத்தில் வரும் வெளிச்சம் எனக்கானதில்லை. ஒருமுறை மனம் பொறுக்காமல், பிறகு ஏன் பிரிகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். "அவியகிட்ட இருந்தா சிரிச்சுக்கிட்டே இருக்கலாம். ஆனா நம்பி ஒரு பாலை அடுப்புல வச்சிட்டுக் குளிக்கப் போக முடியாது. எங்கப்பாவுக்கு ஆபரேசன் அன்னிக்கு, இந்தா வாரேன்னு போனவிய மறுநாள்தான் வந்தாவ" என்றார். அந்தக் குறையைச் சொல்லும்போதும் சிரித்தார். என்மேல் குறை என்று ஒன்றாவது இருந்தால், என்னைப் பற்றியும் யாரிடமாவது இப்படிச் சிரித்துக்கொண்டே சொல்வாரே என்று நினைத்தேன்.

கையெழுத்துக்கு முந்தின நாள் மதியம் மேடத்தின் கணவர் ஆய்வகத்துக்கு வந்தார். மருந்துக் கம்பெனி ரெப். தோளில் தோல் பை, ஒரு பக்கம் தேய்ந்த ஷூ. மேடம் எக்ஸாம் டூட்டியில் இருந்தார். கணவர் வந்து அமர்ந்த இரண்டாவது நிமிடம், எப்போதும் உர்ரென்று இருக்கும் எங்கள் அட்டெண்டர் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா போனபிறகு என் பக்கம் குனிந்தார்.

"சார், அவ என் நம்பரை பிளாக் பண்ணி வச்சிருக்கா. வீட்டுக்குப் போனா மாமா கதவைத் தொறக்க மாட்டாரு. நாளைக்குக் காலையில எட்டரைக்கு பஸ் ஸ்டாண்டு எதுத்தாப்புல இருக்க டீக்கடைக்கு ஒரு பத்து நிமிசம் வரச் சொல்லுங்க. வந்தான்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன். வரலைன்னா பேசாமப் போட்டுருதேன். இனிமே பாலுக்கு நான் பொறுப்புன்னு சொல்லுங்க, அவளுக்குப் புரியும்."

ஏன் என்னிடம் சொல்கிறார் என்று கேட்டேன்.

"போன வாய்தாவுல அவதான் சொன்னா. காலேஜ்ல ஒரு சார் இருக்காரு, ஒரு வேலையைச் சொன்னா அப்படியே முடிச்சிருவாருன்னு."

தன் நம்பரையும் ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்துவிட்டுப் போனார். மேடம் நாலு மணிக்கு வந்தார். அன்று படம் இல்லை. நாளை லீவு என்று சொல்லி விடைத்தாள் கட்டை ஒப்படைத்தார். "யாரும் வந்தாங்களா சார்?" என்று கேட்டார். எதற்காகக் கேட்டார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. யாரும் வரவில்லை என்றேன். இவ்வளவுதான் நான் செய்தது. படங்களில் இப்படி ஒரு பொய் பத்து நிமிடம்கூடத் தாங்காது. யாராவது கதவைத் திறந்துகொண்டு வருவார்கள், போன் அடிக்கும். அன்று ஒருவரும் வரவில்லை. ஐந்து மணிக்கு அவரவர் பஸ் கிளம்பியது.

மறுநாள் நானும் லீவு போட்டேன். எட்டேகாலுக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். எதிரே டீக்கடையில் அவர் இரண்டு டீ வாங்கி, ஒன்றை எதிர்ப்பக்கம் வைத்து, ஆறாமல் இருக்க மேலே ஒரு தட்டை வைத்து மூடினார். அப்போதும் டீ மாஸ்டரிடம் ஏதோ சொல்லி அவரைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். நிமிடத்துக்கு ஒருமுறை சாலையைப் பார்த்தார். என் சட்டைப் பையில் போன் இருந்தது. மேடத்தின் வீடு பக்கத்தில்தான், ஐந்து நிமிடத்தில் வந்துவிடலாம். ஒருத்திக்காக இப்படிக் காத்திருக்க என்னால் முடியுமா, முடிந்தாலும் இத்தனை அழகாக முடியுமா என்றுதான் என் புத்தி போனதே தவிர, கை போனுக்குப் போகவில்லை. ஒன்பதே காலுக்கு அவர் சட்டென்று எழுந்து போனார். மூடிய டீ அப்படியே இருந்தது. அன்று கோர்ட்டில் மேடத்தின் அப்பா நடுவில் நிற்க, கணவர் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டாராம்.

ஒன்றரை வருடம் கழித்து நான் கல்யாணத்துக்குக் கேட்டேன், மேடம் சம்மதித்தார். "நீங்க சொன்னா செய்வீங்க" என்பதுதான் அவர் சொன்ன காரணம். இப்போது ராஜபாளையத்தில் ஒரு மாடிவீட்டில் இருக்கிறோம். மேற்கே மலை தெரியும். திருமணமாகி ஏழு வருடம். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் இன்றும் அந்தப் படங்களைத்தான் பார்க்கிறோம். அவள் முன்பு சிரித்த இடங்களிலேயே சிரிக்கிறாள். நான் திரையைப் பார்ப்பதில்லை, அவள் முகத்தைப் பார்க்கிறேன். அந்தச் சிரிப்பில் யார் இருக்கிறார் என்று தேடுகிறேன். ஊரைவிட்டுப் போய், திருப்பூரில் வேறு குடும்பமாகிவிட்ட ஒரு மனிதரோடு ஏழு வருடமாக நான் ஒருவனே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

போன ஐப்பசியில் ஒரு மழை மதியம். படத்தில் கணவன் மனைவியைத் துரத்திக்கொண்டு ஊர் ஊராக அலைகிறான். என் பக்கத்தில் அவள் சிரிக்கவில்லை. "எப்படித் துரத்துதான் பாருங்க. அவிய அம்புட்டு வாய் பேசுவாவ. கடைசி நாளு ஒரு வார்த்தை வரலை. நான் போறதுல அவியளுக்கு ஒண்ணுமே இல்லைபோலன்னு ரொம்ப நாள் நினைச்சு அழுதிருக்கேன்" என்றாள். நான் மறைத்தது அவர் சொன்ன செய்தியை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். தன்னை ஒருவர் வேண்டாம் என்று விட்டுவிட்டார் என்ற நினைப்போடு ஒருத்தியை இத்தனை வருடம் வாழவைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. படத்தை நிறுத்திவிட்டுச் சொல்லிவிட்டேன்.

அவள் கத்தவில்லை. அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்லச் சொன்னாள். சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பால் என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணைத் திறந்து, "போயிருப்பேனான்னு எனக்குத் தெரியலை. போகாமலும் இருந்திருப்பேன். ஆனா அதை நான்ல முடிவு பண்ணியிருக்கணும்" என்றாள். பிறகு, "எங்கிட்டச் சொன்னா போதாது. அவியகிட்டயும் சொல்லுங்க" என்றாள்.

நம்பர் என்னிடம் இருந்தது. 'ஏசி சர்வீஸ்' என்று பெயர் போட்டு வைத்திருந்தேன். ஸ்பீக்கரில் போட்டு, திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் ஒரு குழந்தை விளையாடும் சத்தம் கேட்டது.

"சார், அன்னிக்கு நான் உங்களைப் பாத்தேன்" என்றார். "தூணுக்குப் பின்னால நின்னீங்க. அவ வரமாட்டேன்னுட்டா போல, அதை எம் மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டாம இந்த மனுசன் தவிக்காருன்னு நினைச்சேன். கூப்பிட்டு உங்களை ஏன் சங்கடப்படுத்தணும்னுதான் எந்திச்சுப் போனேன்."

அதற்குமேல் அவர் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம். ஒளிந்து நின்று வேவு பார்த்தவன்மேல் இரக்கப்பட்டு, தன் கடைசி வாய்ப்பை விட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறார். அவரிடம் இருந்த பேச்சுக்கும் சிரிப்புக்கும்தான் இத்தனை நாள் பொறாமைப்பட்டேன். அன்றிலிருந்து இதற்கும் சேர்த்துப் படுகிறேன்.

மறுநாள் காலையில் அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். ஐந்தாம் நாள் தானாகவே திரும்பி வந்தாள். ஏன் வந்தாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இனிமே எனக்கு வார பேச்சை எல்லாம் நானே கேட்டுக்கிடுதேன்" என்று மட்டும் சொன்னாள். இப்போது சாயங்காலங்களில் துணி எடுக்க அவள் மொட்டை மாடிக்குப் போனால், சில நாள் போனில் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்கும். அண்ணியாக இருக்கலாம். கல்லூரித் தோழியாக இருக்கலாம். படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்று கேட்கிறேன். அவள் இறங்கிவரும் சத்தம் கேட்டதும் உள்ளே போய்விடுகிறேன். யாரிடம் பேசினாய் என்று கேட்பதில்லை.