செம்பட்டியில் மூட மறுத்த விமானக் கதவு

செம்பட்டிக்குச் சுற்றிப் பார்க்கப் போனதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நான் போனது 1986 ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை. என் மனைவியின் அண்ணன், விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற ஆரோக்கியசாமி, ஏலத்தில் எடுத்த பழைய இரண்டு இருக்கை விமானம் ஒன்றை அங்கே ஒரு மில் ஷெட்டில் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி பறக்கவிடுவது திட்டம். பறக்க அனுமதி தரும் அதிகாரி திங்கட்கிழமை பார்வையிட வருகிறார், உதவிக்கு வாருங்கள் என்று கார்டு போட்டிருந்தார்.

மதுரையில் காலை 6.10க்கு பஸ். திண்டுக்கல் 65 கிலோமீட்டர், ஆறு ரூபாய். அங்கிருந்து செம்பட்டி இன்னும் 20 கிலோமீட்டர். இறங்கும்போது கண்டக்டரிடம் மில்லுக்கு வழி கேட்டேன். "ஏரோப்பிளேன் மில்லா? அப்பிடிக் கேளுங்க!" என்று கையைக் காட்டினார்.

விமானம் மூன்று ஜாக்கிகள் மேல் நின்றது. கைப்பம்பை அடித்தால் சக்கரங்கள் இறக்கைக்குள் மடங்கும். கூடவே கதவுகள் எழும்பி அந்தக் குழிகளை மூடும். வலது கதவு மூடியது. இடது கதவில் மட்டும் விரல் நுழையும் இடைவெளி. பறக்கும்போது அதில் காற்று புகுந்தால் கதவே பிய்ந்து போகும்.

கதவுகளைச் செய்தவர் திண்டுக்கல் பேகம்பூர் காதர் பாய், பஸ்களுக்குத் தகடு அடிப்பவர்.

"தகடுதான் பாய் வளைஞ்சிருக்கு. இன்னொரு தடவ தட்டுங்க" என்றார் மச்சான்.

"ரெண்டு தடவ தட்டியாச்சு சார். இன்னும் தட்டுனா கதவு இருக்காது, ஓட்டதான் இருக்கும்." காதர் பாய் சுத்தியலைப் பையில் போட்டுக் கிளம்பத் தயாரானார். அவர் போனால் திங்கட்கிழமைக்குள் வேறு ஆள் கிடையாது.

"அது எதுல முட்டுதுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டேன். மூடியபின் உள்ளே பார்க்க வழியில்லையாம். காதர் பாய் பையைக் கீழே வைத்தார். பெட்டிக்கடையில் துணிக்குப் போடும் நீலம் வாங்கிவந்து முட்டுகிற இடத்தில் ஒட்டட்டும் என்று கதவின் உட்புறம் முழுக்கப் பூசினார். மச்சான் பம்பை அடித்துச் சக்கரத்தை ஏற்றி இறக்கினார். சக்கரம் அசையாமல் கட்டை கொடுத்து நிறுத்தியதும், "நீங்கதான் ஒல்லியா இருக்கீக, தலைய விட்டுப் பாருங்க" என்றார் பாய்.

டயரில் முட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். டயரில் நீலமே இல்லை. சக்கரத்தைத் தாங்கும் காலில் ஒரு போல்ட்டின் நுனி மட்டும் நீலமாக இருந்தது. வலது பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கே போல்ட்டின் தலைதான் கதவைப் பார்த்து இருந்தது.

இடது பக்கப் போல்ட்டைத் தலைகீழாக மாட்டியவர் மச்சான். சொல்லக் கூச்சமாக இருந்தது. சொன்னேன். அவரே டார்ச்சுடன் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

"நாந்தான் பாய் திருப்பி மாட்டிட்டேன். மூணு நாளா உங்களப் போட்டு வதைச்சுட்டேன். மன்னிச்சிருங்க."

"அதுக்கென்ன சார். ரெண்டு தடவ தட்டுனத இப்ப திருப்பித் தட்டணும், அம்புட்டுதான்." மச்சான் போல்ட்டை மாற்றி மாட்ட, சுத்தியல் பையிலிருந்து வெளியே வந்தது. மாலை நாலரைக்கு இரண்டு கதவுகளும் ஒன்றாக மூடின. திங்கட்கிழமை வந்த அதிகாரிக்கும் திருப்தி.

எங்காவது பழைய விமானம் சீராவதாகக் கேள்விப்பட்டால் தயங்காமல் போய்ப் பாருங்கள். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஜாக்கி மேல் நிற்கும் விமானத்தில் சாயவே சாயாதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் எதையும் இரண்டு பக்கமும் பாருங்கள். அன்று நான் கற்றது அதுதான்.

மறு வருடம் மதுரையிலிருந்து அந்த விமானம் பறந்தது. பைலட்டுக்குப் பின்னால் இருந்த ஒரே இருக்கையை மச்சான் காதர் பாய்க்குக் கொடுத்தார். இறங்கியதும், மேலிருந்து ஊர் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"ஊர எங்க பாத்தேன்? கதவு மூடுதான்னு காதக் குடுத்துக்கிட்டே இருந்தேன். ரெண்டும் ஒரே சத்தமா மூடுச்சு சார்."