மாமனாரின் இரண்டு தோட்டாப் பைகள்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய் வேறு வேலை இருந்தால் பார்க்கலாம். எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் இத்தனை வருஷம், செத்தவர்கள் படுத்த விரிப்பையெல்லாம் அலசிப் போட்டவள் நான். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்துவிட்டு அடுத்த மூட்டையை அவிழ்ப்பவள். ஆனால் இது என் கூடப்பிறந்த தம்பிக்கு நடந்தது. ஜோடித்துப் பேச அவனுக்குத் தெம்பும் கிடையாது, சாமர்த்தியமும் கிடையாது.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அப்போது அவன் மகனுக்கு நான்கு மாதம். அந்தக் குழந்தை தூங்கவே தூங்காது. கண் சொக்கும், மூடும். அப்பாடா என்று இவர்கள் தலையைச் சாய்ப்பதற்குள் உடம்பு தூக்கிவாரிப் போட்டு வீல் என்று அலறும். அவன் பெண்டாட்டி சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கக் கற்றுக்கொண்டாள். தம்பி ஒருநாள் ஷேவிங் கிரீமைப் பிரஷில் பிதுக்கிப் பல் தேய்த்துவிட்டான். "பிள்ளையைப் பெத்தா தூக்கம் போகும்னு யாரும் சொல்லலையா?" என்று நான் கேலி செய்தேன். எனக்கு அப்போது என்ன தெரியும்?

அவன் மாமனார் அவர்களோடு வந்து தங்கிய சமயம் அது. பழைய பட்டாளத்துக்காரர், சண்டைக்குப் போய் வந்தவர். கண் மங்கிவிட்டது. கூடத்து நாற்காலியே கதி என்று கிடந்தார். அவருடைய இரும்புப் பெட்டியைச் சுத்தம் செய்யப் போன மகள், அடியிலிருந்து இரண்டு பைகளை எடுத்தாள். தடித்த கான்வாஸ், பச்சை வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. மேலே ஒரு மடிப்பு, அதில் பித்தளை பிரஸ் பட்டன், பின்னால் பெல்ட் நுழைய வளையம். சண்டைக்குப் போகிறவன் நெஞ்சுக்கு இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்ளும் தோட்டாப் பைகள்.

அவள் சிக்கனக்காரி. அப்பாவைக் கேட்கக்கூட இல்லை. துவைத்துக் காயப்போட்டு, ஒன்றைப் புருஷனின் பெல்ட்டில் மாட்டிவிட்டாள். ஸ்பேனர், டார்ச், டெஸ்டர் எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தன. இன்னொன்றைத் தொட்டில் கம்பியில் தொங்கவிட்டு, பால் ஸ்பூன், பவுடர் டப்பா, குழந்தையின் காலுறைகளைப் போட்டு வைத்தாள்.

பட்டன் மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. பூட்டிவிட்டுப் போனால் திரும்பி வரும்போது திறந்து கிடக்கும். தேய்ந்துவிட்டதோ என்று பார்த்தால், அழுத்தும்போது கட்டைவிரல் வலிக்கும் அளவுக்கு இறுக்கம். சாமான்களும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. முதலில் ஸ்பூன். அப்புறம் பவுடர் டப்பா. அப்புறம் ஒரு காலுறை.

"உங்க மறதிக்கு ஒரு அளவே கிடையாதா?" என்பாள் அவள்.

"நீ தூக்கக் கலக்கத்துல எங்க வச்சியோ" என்பான் இவன்.

ஒருமுறை அவள் சொன்னாளாம், குழந்தை அலறுவதற்கு முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது என்று. தம்பி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்கு மத்தியானம் ஒரு பழைய கட்டடத்தில் வேலை. லிஃப்ட் கூண்டின் மேல் தம்பி நின்றுகொண்டிருந்தான். சுற்றிலும் இருட்டுச் சுவர், எண்ணெய் வாடை, மேலே ஒரே ஒரு குண்டு பல்பு. கூட வேலை பார்க்கும் ஒல்லி, உச்சியில் மெஷின் ரூமில் இருந்தான். கூண்டைத் தூக்கும் இரும்புக் கம்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த தம்பிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கம்பியில் நெற்றியை வைத்தான். ஒரு நிமிஷம் என்றுதான் நினைத்தான்.

டக்.

இடுப்பில் ஒரு இழுப்பு. யாரோ பையில் கை விட்டுத் துழாவுகிறார்கள். அவசரமாக, ஆனால் பழகிய கை. ஸ்பேனரை எடுத்தது. டார்ச்சை எடுத்தது. தம்பி கண்ணைத் திறக்கக்கூட இல்லை.

"கேட்டுட்டு எடேண்டா ஒல்லி. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

கை சட்டென்று நின்றது.

ரொம்ப உயரத்திலிருந்து ஒல்லியின் குரல் வந்தது. "என்னண்ணே? கூப்பிட்டீங்களா? நான் மேலதான் இருக்கேன்..."

தம்பி கண்ணைத் திறந்தான். காலுக்கும் கூண்டின் விளிம்புக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. பை வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. உள்ளே டெஸ்டர் மட்டும். மற்றவை குழியில் விழுந்திருந்தால் கட்டடமே அதிர்ந்திருக்கும். ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஈர மண் வாடை மட்டும் மூக்கில் அடித்தது.

ஒல்லியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்தான். கூடத்தில் மாமனார் உட்கார்ந்திருந்தார். இவன் பையைக் கழற்றி அவர் மடியில் வைத்தான். அவர் தடவிப் பார்த்தார். கட்டைவிரல் தானாகப் போய்ப் பட்டனில் நின்றது.

"இதைப் போட்டுக்கிட்டுத் தூங்கினியா?"

இவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நின்னபடியே கண் அசந்துட்டேன் மாமா. உங்களுக்கு எப்படி..."

அவர் பட்டனை ஒருமுறை திறந்து மூடினார். பிறகு சொன்னார். சண்டையில் அந்தப் பைதான் உயிர். தோட்டாக் கட்டுகளைத் தலைகீழாக அடுக்குவார்களாம். மண் உள்ளே போகாது, கண் பார்க்காமலே கை சரியாகப் பிடிக்கும். பக்கத்தில் ஒருவன் விழுந்தால் அழ நேரமில்லை. முதலில் அவன் பையைத் திறந்து, இருப்பதை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

"ஆனா உயிரோட இருக்கறவன் பையில எவனும் கை வைக்க மாட்டான். பட்டினி கிடந்தாலும் சரி. தெரியாம எடுத்துட்டா திருப்பி வச்சுடுவான். அது எங்க வழக்கம்."

"அப்போ இது?"

"என் பையில கை வச்சாங்க மாப்பிள்ளை." அவர் சிரித்தாராம். சிரிப்பிலும் அசதிதான். "தூங்கியே நாளாச்சு. பள்ளத்துல அப்படியே அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன். முழிச்சுப் பார்த்தா பை ரெண்டும் காலி. செத்துட்டேன்னு நினைச்சு எடுத்துக்கிட்டு முன்னால போயிட்டாங்க. எல்லாரும் என் சிநேகிதங்க. ஒருத்தனும் திரும்பி வரல."

தம்பி அவர் காலடியில் உட்கார்ந்தான்.

"தூங்கறவனையும் செத்தவனையும் அவங்களுக்கு இன்னும் பிரிச்சுப் பார்க்கத் தெரியல. அதனாலதான் பெட்டிக்கு அடியில போட்டு வச்சேன்." பையை மறுபடி தடவினார். கை நின்றது. "இது இடது பக்கத்துது. வலது பக்கத்துது எங்க?"

அப்போதுதான் தம்பிக்கு உறைத்தது.

வீடு அமைதியாக இருந்தது.

குழந்தை அழவில்லை.

அறைக்குள் ஓடினான். பெண்டாட்டி தரையில் நினைவில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். தொட்டிலில் குழந்தை, முதல் தடவையாக, ஆடாமல் அசையாமல் கிடந்தது.

கம்பியில் தொங்கிய பை திறந்திருந்தது.

அசைந்தது...

உள்ளேயிருந்து கான்வாஸ் புடைத்தது. விரல்கள். துழாவும் விரல்கள்.

தம்பி பையைப் பிய்த்து எறிந்தான். குழந்தையைத் தொட்டான். சில்லென்று இருந்தது. மூக்கின் கீழ் விரலை வைத்தான்.

ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை...

அள்ளித் தூக்கி உலுக்கினான். "டேய்! டேய் கண்ணா!"

குழந்தை வீல் என்று அலறியது. தம்பி அப்படியே உட்கார்ந்து அதோடு சேர்ந்து அழுதான். அந்த அலறலைப் போல ஒரு நல்ல சத்தத்தைத் தான் கேட்டதே இல்லை என்று என்னிடம் சொன்னான். பையில் இருந்த இன்னொரு காலுறையும் போயிருந்தது.

பைகளைக் கொளுத்திவிடலாம் என்றான் தம்பி. மாமனார் ஒத்துக்கொள்ளவில்லை.

"கொளுத்தினா எங்க தேடுவாங்களோ? எங்கிட்டயே கொடு. என்னைத் தேடித்தான வராங்க. காலியா கொடுக்காத, எதையாவது நிரப்பிக் கொடு. பேரன் தூங்கட்டும். எனக்கும் அசதியா இருக்கு மாப்பிள்ளை."

"அப்பா, வேண்டாம்பா" என்று மகள் கெஞ்சினாள். அவர் கேட்கிற ஆளா? தம்பி இரண்டு பைகளிலும் இரும்பு போல்ட்டுகளை நிரப்பினான். அவரே தடவித் தடவி, எல்லாவற்றையும் தலைகீழாக அடுக்கினார். நெஞ்சுக்கு இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு படுத்தார். அந்த ராத்திரி குழந்தை ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. தம்பியும் அவளும் அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டார்கள்.

விடிந்து பார்த்தபோது மாமனார் இல்லை. உடம்பு மட்டும் இருந்தது. முகத்தில் ஒரு வலியும் தெரியவில்லை. பைகள் இரண்டும் பூட்டியிருந்தன. போல்ட்டுகளைக் காணோம். அதற்குப் பதில், இடது பையில் தம்பியின் ஸ்பேனரும் டார்ச்சும் இருந்தன. வலது பையில் பால் ஸ்பூன், பவுடர் டப்பா. எல்லாம் தலைகீழாக, ஒழுங்காக அடுக்கி... ஈர மண் ஒட்டியிருந்தது.

பைகளை அவரோடேயே அனுப்பிவிட்டார்கள். அதோடு முடிந்தது என்று நான்கூட நினைத்தேன்.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். குழந்தை இப்போது தங்கமாகத் தூங்குகிறது. தம்பிதான் தூங்குவதில்லை. தொட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மகன் மூக்கின் கீழ் விரலை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறான். கண் இரண்டும் குழி விழுந்துவிட்டது.

"எதுக்குடா இது? எடுத்ததையெல்லாம்தான் திருப்பிக் கொடுத்துட்டாங்களே. உயிரோட இருக்கறவங்க சாமானை வச்சுக்க மாட்டாங்கன்னு மாமாவே சொல்லலையா?"

"சொன்னாருக்கா." அவன் விரலை எடுக்கவில்லை. "காலுறை மட்டும் வரல. ரெண்டுமே வரல."

குழந்தையின் காலுறை தொலையாத வீடு எது என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் விரலைப் பார்த்தேன். "நீ கொஞ்சம் படு, நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

அவன் தரையில் சாய்ந்த மறுகணமே தூங்கிப்போனான். விடியும் வரை நான் கொட்டக் கொட்ட விழித்து உட்கார்ந்திருந்தேன், குழந்தையின் மூக்கின் கீழ் ஒரு விரலும் தம்பியின் மூக்கின் கீழ் ஒரு விரலுமாக.