பின்சீட்டிலிருந்து சொன்னது

என் ஸ்கூட்டர் பார்ப்பதற்குத்தான் கிழடு. உருண்டை ஹெட்லைட், பளபளவென்று வட்டக் கண்ணாடி, பால்கோவா நிறம். ஆனால் பட்டனைத் தொட்டால் முனகாமல் கிளம்பும் புது எஞ்சின். நான் அதற்கு நேர் எதிர். தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவன்.

வாங்கிய அன்று லாஸ்பேட்டையில் எங்கள் தெருவே கிண்டல் செய்தது. "என்னா மாமா, பொண்ணு பாக்கக் கெளம்பிட்டீங்களா?" என்றாள் எதிர்வீட்டுப் பெண். சிரித்து வைத்தேன். பொண்டாட்டியைத் திரும்ப வரவழைக்க வாங்கினேன் என்று நடுத்தெருவில் நின்று சொல்ல முடியுமா?

என் மனைவிக்கு அவள் அப்பா வழியில் பிரெஞ்சு நேஷனாலிட்டி. மகளும் பிரான்சில்தான். மகளின் பிரசவத்துக்குப் போனவள் ஆறு மாதம் என்றாள். குழந்தை தவழ்ந்தான், நடந்தான், பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டான். அந்த ஆறு மாதம் மட்டும் முடியவே இல்லை. நானும் ஒரு குளிர்காலம் போய்ப் பார்த்தேன். கதவைச் சாத்திக்கொண்டு எட்டாவது மாடியில் உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. சண்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? ஒரு டம்ளர் அரிசி வைத்தால் இரண்டு வேளைக்கு வருகிறது. பேச ஆள் இல்லாமல் டிவியில் செய்தி வாசிக்கிறவனைத் திட்டுகிறேன். தனிமை என்று நாகரிகமாகச் சொல்லலாம். எனக்கு அது பசி மாதிரி வயிற்றைப் பிடுங்குகிறது.

கல்யாணமான புதிதில் இதே சாயலில் ஒரு ஸ்கூட்டர் வைத்திருந்தோம். ஊரெல்லாம் சுற்றினோம். அதனால்தான் இந்தப் பைத்தியக்கார யோசனை. வீடியோ காலில் வண்டியைக் காட்டியபோது, "ஐயே, அதே மாதிரி இருக்குதே!" என்று அவள் குரல் துள்ளியது. வந்துவிடுவாள் என்று நம்பினேன்.

போன பொங்கலுக்கு வந்தாள், மூன்று வார லீவுக்கு. கண் விழித்ததும் பேரன் நினைப்புதான். அங்கே இன்னும் விடிந்திருக்காது என்று போனைப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு காலையில் கடலோரம் பிள்ளைச்சாவடிக்கு மீன் வாங்கப் போனோம். ஒருபக்கமாக உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கை பட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வண்டி ஓட்டுகிறவன் அழுதால் பின்னால் இருப்பவருக்குத் தெரியாது, அது ஒரு வசதி.

மீன்காரம்மாவுக்கு என்னை நன்றாகத் தெரியும். "வந்துட்டியாம்மா! பாவம் அய்யா, ஒத்த மீனுக்கு வந்து நிப்பாரு. இனிமே இவர வுட்டுட்டுப் போவாத," என்றார். மனைவி பேரம்கூடப் பேசாமல் சங்கரா மீனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அவள் பேரம் பேசாமல் மீன் வாங்கி நான் பார்த்ததே இல்லை.

திரும்பும்போது ஈசிஆர் ரோட்டில் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நான் இனிமே அங்கயே இருந்துடறேங்க. இத சொல்லத்தான் வந்தேன்."

தெளிவாகக் கேட்டது.

"என்னா? காத்துல ஒண்ணும் கேக்கல!" என்று கத்தினேன். எனக்குக் கேட்கவில்லை என்றால் அவள் சொன்னதாகவே ஆகாது என்று ஒரு கணக்கு. ஆக்சிலேட்டரைத் திருகினேன். இரண்டு லாரியை முந்தினேன், இந்த வயதில்! அவள் மறுபடி வாயைத் திறக்கவில்லை. அப்பாடா என்றிருந்தது.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. வண்டி நின்றதும் காற்றும் நின்றுவிட்டது. அவள் என் காதருகே குனிந்தாள்.

"பையனுக்கு நான் ஊட்டலன்னா சோறு எறங்காதுங்க. எனக்கும் இங்க இருப்பு கொள்ளல. ஒங்க மூஞ்சியப் பாத்து சொல்ல தைரியம் வரல. இப்ப கேட்டுச்சா?"

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. "யோவ் பெருசு, நவுருய்யா!" என்று ஒருவன் திட்டிக்கொண்டே போனான். அவள் கை இன்னும் என் தோளில்தான் இருந்தது.

"கேட்டுச்சு," என்றேன். வண்டியை எடுத்தேன்.