தண்ணீர் வரும் நேரம்

அக்காவின் கணவர், எங்கள் மச்சான், இறந்து ஒரு மாதம் இருக்கும். அக்கா வீட்டு வாஷிங் மிஷின் தானாகவே தண்ணீர் பிடிக்கிறது என்று எனக்குப் போன் வந்தது. பேசியவள் எதிர்வீட்டுக்காரி. "தாகத்தோட போன ரூஹு. அதான் தண்ணியத் தேடி வருது" என்று காரணத்தையும் அவளே சொல்லிவிட்டாள். நான் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். ரூஹு, ஆவி என்றெல்லாம் கேட்டு எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. லீவு போட்டுவிட்டு டவுணில் பஸ் ஏறி மேலப்பாளையம் போனேன்.

தாகம் என்று அவள் சொன்னதன் பின்னணி ஊருக்கே தெரியும். அன்று பிற்பகல் மச்சான் முன்னறைக் கட்டிலில் படுத்திருந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டிருக்கிறார். அக்கா கடைசி அறையில் மிஷின் பக்கத்தில் நின்றிருக்கிறாள். தண்ணீர் விழுகிற சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. எதிர்வீட்டுக்காரிக்குக் கேட்டிருக்கிறது. அவள் தெருவைத் தாண்டி ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தெருவுக்குக் கேட்டது வீட்டுக்குள் கேட்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அவள் இதைச் சொன்னாள், அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது.

அக்கா இத்தா இருந்தாள். கணவன் மௌத்தான பிறகு நாலு மாதம் பத்து நாள், அந்நிய ஆண்கள் பார்வையில் படாமல் வீட்டுக்குள் இருப்பது எங்கள் வழக்கம். அதற்கு அந்தக் கடைசி அறையையே ஒதுக்கியிருந்தார்கள். ஒரு பாய், ஒரு தண்ணீர்க் குடம், மூலையில் மிஷின், வாசலில் ஒரு திரை. அவள் எந்த இடத்தில் நின்றதால் அவர் கூப்பிட்டது கேட்காமல் போனதோ, அங்கேயே கொண்டுபோய் அவளை உட்கார வைத்திருந்தார்கள். ஒருவருக்கும் இது உறைக்கவில்லை.

போன அன்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் மூன்று மணி இருக்கும். சாப்பிட்ட மயக்கத்தில் நடு அறையில் சாய்ந்திருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழத் தொடங்கியது. எழுந்து போனேன். அக்கா வெள்ளைச் சேலையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு டம்ளர், அதில் நிறையத் தண்ணீர்.

"வந்துட்டு" என்றாள்.

"நீ சுவிட்சப் போட்டியா?"

"நான் தொடவே இல்லளா."

மிஷினில் ஒரு விளக்குக்கூட எரியவில்லை. மூடியைத் தூக்கினேன். துணி இல்லை, நுரை இல்லை. தெளிந்த தண்ணீர் மட்டும் பைய ஏறிக்கொண்டிருந்தது. பாதியில் நிற்கும் என்று பார்த்தேன், நிற்கவில்லை. விளிம்புக்கு வந்து, ஒரு நொடி அங்கேயே நின்று, பிறகு என் காலில் கொட்டியது. ஓடிப்போய்ச் சுவர்க் குழாயை மூடினேன்.

சத்தம் நின்றதும் அக்கா முன்னறைப் பக்கம் தலையைச் சாய்த்தாள். எதையோ உற்றுக் கேட்டாள். பிறகு டம்ளர் தண்ணீரைக் குடத்தில் ஊற்றிவிட்டாள்.

"இன்னைக்கும் போச்சு" என்றாள். என்ன போச்சு என்று கேட்டேன். அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்று அந்த வீட்டுக் குளியலறையில் தாழ்ப்பாள் போடாமல்தான் குளித்தேன்.

அடுத்த நாள் குழாயைத் திறந்து பார்த்தேன்; மிஷின் சும்மா இருந்தது, திரும்ப மூடிவைத்தேன். அதற்கு அடுத்த நாள் நான் சொல்லி அனுப்பிய மெக்கானிக் வந்தார். ஐம்பது வயதுக்காரர், எங்கள் மதத்து ஆள் இல்லை. ஆனாலும் திரையைப் பார்த்ததுமே செருப்பை வாசலில் விட்டுவிட்டு நடு அறையில் நின்றுகொண்டார். "அவங்கள வேற ரூம்புல இருக்கச் சொல்லுங்கம்மா, அஞ்சு நிமிசத்துல பாத்துருதேன்" என்றார்.

அக்கா உள்ளேயிருந்து மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். நான் எவ்வளவு கெஞ்சியும் அவள் பாயை விட்டு அசையவில்லை. அறிவியல் டீச்சரான நான் அவரிடம் திருப்புளியை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அவர் திரைக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, அங்கிருந்தே சொல்லிக்கொடுத்தார்.

"தண்ணி அளவக் கண்டுபிடிக்க உள்ள ஒரு சின்ன டியூப் இருக்கும்மா. அதுல அடைப்பு இருந்தா மிஷினுக்குப் போதும்னு தெரியாது. இல்லன்னா தண்ணிய அடைக்குத வால்வு மூடாம இருக்கும். ரெண்டுல எதுன்னு பாத்துருவோம். பிளக்கப் புடுங்கிருங்க."

பிடுங்கினேன்.

"இப்பக் குழாயத் திறங்க. தண்ணி வரலன்னா டியூப்பு. வந்துச்சுன்னா வால்வு."

திறந்தேன். மணி மூன்றுகூட ஆகவில்லை. முதலில் ஒன்றும் வரவில்லை. நான் பெருமூச்சு விட்டேன். பிறகு சுவருக்குள் எங்கோ குழாய் இருமியது. பிளக் என் கையில் தொங்கிக்கொண்டிருக்க, உள்ளே தண்ணீர் விழுந்தது. அக்கா குடத்தில் டம்ளரை முக்கி எடுத்தாள்.

"என்னம்மா, வருதா?"

"வருது அண்ணாச்சி."

"அப்பச் சரி!" என்று அவர் சந்தோஷமாகச் சிரித்தார். "வால்வுதான். இது கார்ப்பரேஷன் லைன்ல நேராக் கொடுத்திருக்குல்லா? நாள் விட்டு நாள் இந்நேரத்துக்குத்தான தெருவுக்குத் தண்ணி விடுதாங்க. அப்பதான் ரொம்பும்."

இவ்வளவுதானா என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. குழாயை மூடி, பின்பக்கத் தகட்டைக் கழற்றி, அவர் சொன்னபடி ஒயர்களை உருவி, வால்வைத் திரைக்கு அடியில் தள்ளினேன். அவர் அதைப் பிரித்து, ரப்பரில் ஒட்டியிருந்ததை ஒரு தாளில் தட்டி, தாளைத் திரும்ப உள்ளே தள்ளினார். ஆற்று மணல், நாலைந்து பொடிகள்.

"வால்வு வாயில சின்னதா ஒரு ஜல்லடை உண்டு. அதக் காணலயே. யாரோ கழட்டிருக்காங்க, அதான் மணல் உள்ள போயிட்டு."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சேலை முந்தியின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே விரல் நக அளவுக்கு ஒரு வட்டச் சல்லடை.

"அவுக சட்டைப் பையில இருந்துச்சு" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "தண்ணி நூலு மாதிரி வருதுன்னு நான்தான்ளா நச்சரிச்சேன். அன்னைக்குக் காலையிலதான் கழட்டுனாக. அதுக்குப் பெறகு என்னமாக் கொட்டுச்சு. அவ்வளவு சத்தம்."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அந்தச் சல்லடையைத் திரைக்கு அடியில் நீட்டினேன். அவர் அதைக் கழுவி மாட்டி, புது ரப்பரும் போட்டுத் திருப்பித் தந்தார். நான் மாட்டி முடித்துக் குழாயைத் திறந்தேன். ஒரு சொட்டு விழவில்லை.

வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம். அடுத்த தண்ணீர் நாளையும் பார்த்துவிட்டு, எதிர்வீட்டுக்காரியிடம் நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று தங்கினேன். அன்றும் மூன்று மணி ஆனது. தெருக்குழாயில் குடங்கள் மோதுகிற சத்தம் வந்து, பிறகு அதுவும் ஓய்ந்தது. மிஷின் சும்மா இருந்தது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் அதே டம்ளர், நிறையத் தண்ணீர்.

"அதான் சரியாயிட்டே, இனி எதுக்கு இது?" என்றேன்.

"சத்தம் நின்னுட்டுல்லா" என்றாள். "இனி கூப்பிட்டா கேக்கும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாளும் அவள் மிஷினுக்காகக் காத்திருக்கவே இல்லை. அவர் குரலுக்கு மிஷின் குறுக்கே நின்றிருக்கிறது. எட்டாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கிற எதையாவது அவளிடம் சொல்ல வாயைத் திறந்தேன்.

அக்கா சட்டென்று முன்னறைப் பக்கம் திரும்பினாள். முகம் தெளிந்துவிட்டது.

"இந்தா வாரேன்" என்று சொல்லி எழுந்தாள். ஒரு சொட்டுச் சிந்தாமல், திரையைத் தோளால் விலக்கிக்கொண்டு போனாள்.

முன்னறையில் கட்டில் காலியாகத்தான் இருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றுதான் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.