பாய் லாட் பிரிட்ஜில் நாலு எலுமிச்சம்பழம்

மலேசியாவின் கிள்ளானில், பழைய பிக்கப் வண்டிகளை வரிசையாக நிறுத்தி விற்கும் லாட் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். ஆபீஸ் என்று சொல்லிக்கொண்ட தகரக் கொட்டகைக்குள் ஒரு சின்ன பிரிட்ஜ். அதில் தண்ணீர் போத்தல்களோடு நாலு எலுமிச்சம்பழம் இருந்தது. வெயிலோ மண்டையைப் பிளந்தது. முதலாளி காதர் பாய்க்கு ஜூஸ் பிடிக்கும் போலிருக்கிறது என்று நானாக முடிவு செய்து, இரண்டைப் பிழிந்து ஐஸ் போட்டு அவரிடமே நீட்டினேன்.

ஒரு மடக்கு குடித்தார். "ஏம்மா சாந்தி, இது எங்க இருந்த பழம்?"

"பிரிட்ஜுல இருந்துச்சு பாய்."

"போச்சு. வண்டி விக்கிற பழத்தப் பிழிஞ்சிட்டியே!"

பிறகுதான் விளக்கினார். நம் ஆட்கள் வண்டி வாங்கினால் நாலு டயருக்கு அடியிலும் பழம் வைத்து, நசுக்கிவிட்டுத்தானே கிளம்புவார்கள்? வாங்க வந்தவர் பழத்துக்காகப் பாசார் சந்தைக்குப் போனால் வழியில் மனசு மாறிவிடலாம். பழம் கையிலேயே இருந்தால் அந்தப் பயம் இல்லை. "பழம் நசுங்குன வண்டிய இதுவரைக்கும் ஒருத்தரும் திருப்பிக் கொண்டாந்தது இல்லம்மா. பூசை போட்டாச்சு, அவ்ளோதான்." தொழுகை தவறாத மனுஷன், எங்கள் பூசைக்கான பழத்தையும் தவறாமல் வாங்கி வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கறுப்பு வண்டி

முதல் பிக்கப் வாங்க வருகிறவர்களிடம் ஒரு வேடிக்கையைப் பல வருடமாகப் பார்க்கிறேன். வாரத்தில் ஆறு நாள் ஷா ஆலம் ஜாமில் நிற்கப் போகிறார்கள், ஒரு நாள்தான் சேற்றில் இறங்கப் போகிறார்கள். ஆனால் தேர்ந்தெடுப்பது அந்த ஒரு நாளுக்கான வண்டியைத்தான்.

குணாவும் அப்படித்தான் வந்தார், ஒரு சனிக்கிழமை காலையில். வயது நாற்பதுக்கு மேல். ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியன். வாரக் கடைசியில் உருமி மேளக் குழுவின் தலைவர். கூடவே அவர் மனைவி தேவி. சாலாக் செலாத்தானில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். பேச்சு குறைவு, பார்வை அதிகம்.

லாட்டின் முன்வரிசையில் ஒரு கறுப்பு பிக்கப் நின்றது. லிஃப்ட் கிட் போட்டு உயர்த்தியது. முட்டு முட்டாகச் சேற்று டயர், பக்கத்தில் யானைத் தும்பிக்கை மாதிரி மூக்குக் குழாய், கூரைமேல் நீளமாக ஒரு லைட். குணா அதைச் சுற்றி மூன்று தடவை வந்தார். கோயில் சுற்றுகிறவர்கூட அவ்வளவு பயபக்தியாகச் சுற்றமாட்டார்.

"அக்கா, இதான். முடிச்சிடுவோம்."

"எதுக்கு வாங்குறீங்கன்னு சொல்லவே இல்லியே தம்பி?"

சொன்னார். அவர் பிறந்தது கேரி தீவில், ஒரு செம்பனைத் தோட்டத்தில். அந்தத் தோட்டத்து அம்மன் கோயில் திருவிழாவுக்கு வருடா வருடம் அவர் குழுதான் மேளம். போன வருடம் தேவியின் ஸ்கூல் வேனில் உருமிகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். மழை. தோட்டத்து மண்சாலையில் வேன் சேற்றில் மாட்டிக்கொண்டது. இவர்கள் வேனைத் தள்ளிக்கொண்டிருக்க, அங்கே மேளமே இல்லாமல் கரகம் கிளம்பிவிட்டது.

"எங்க ஊரு கோயிலு அக்கா. ஜனங்க கையத் தட்டிக்கிட்டே கரகத்தக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. கோயில் தலைவர் சொல்லிட்டாரு, இந்த வருஷமும் லேட்டுன்னா வேற குழுவ வச்சிக்குவோம்னு. அடுத்த ஞாயித்துக்கிழமை திருவிழா." இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. வெளியூரில் நூறு மேடை ஏறட்டும், சொந்த ஊர்க் கோயிலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எந்தக் கலைஞனுக்குத் தாங்கும்?

அதற்குள் பாய் பழத்தோடு வந்துவிட்டார். "நல்ல நேரம் போயிட்டு இருக்கு லா. வைக்கட்டுமா?"

"பாய், பழத்த உள்ள வைங்க. மொதல்ல இவங்க வீட்டு வரைக்கும் ஒரு ட்ரிப் ஓட்டிப் பாத்துட்டு வரோம்."

பாய் என்னை முறைத்தார். தேவி அன்று முதல் முறையாக வாயைத் திறந்தார். "அக்கா சொல்றது சரி. பழம் எங்கயும் ஓடிப் போகாது."

வீட்டு வாசல்

ஃபெடரல் ஹைவேயில் ஏறியதும் சேற்று டயர் தன் சங்கீதத்தை ஆரம்பித்தது. குணா ஏதோ சொன்னார், நான் "ஆ?" என்றேன். அவர் மறுபடி சொன்னார், நான் மறுபடி "ஆ?" என்றேன். "வண்டி ஸ்மூத்தா இருக்குன்னு சொன்னேன்!" என்று கத்தினார். பின்சீட்டில் தேவி காதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

சாலாக் செலாத்தானில் அவர்கள் அடுக்குமாடி வீட்டுக் கார் பார்க்குக்குள் திரும்பினோம். நுழைவாயிலில் உயரக் கணக்குக்காக ஓர் இரும்புக் கம்பி தொங்கும், பார்த்திருப்பீர்கள். டங்! கூரை லைட் அதில் இடித்தது. கம்பி ஊஞ்சல் ஆடியது. காவலாளி விசிலடித்துக்கொண்டே ஓடிவந்தார். "தாக் போலே, பாஸ்! தாக் போலே!" முடியாது, முடியாது என்று இரண்டு கையையும் ஆட்டினார். லைட்டைக் கழற்றினாலும் அந்த வண்டியின் கூரை உள்ளே போகாது.

தினமும் எங்கே நிறுத்துவீர்கள்? முதல் பிக்கப் வாங்குகிறவர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளாத கேள்வி இது. மலை ஏறுமா, ஆற்றைத் தாண்டுமா என்று ஆயிரம் கேட்பார்கள். சொந்த வீட்டு வாசலை மறந்துவிடுவார்கள்.

குணாவின் முகம் சுண்டிப்போனது. தேவி சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெள்ளை வண்டி

லாட்டுக்குத் திரும்பியதும் குணா விடவில்லை. தோட்டத்தில் ஓடிய பிக்கப் ஒன்று மலிவாக நின்றது. "தோட்டத்து வண்டின்னா சேறு பழகியிருக்கும்ல?" என்றார். நான் டார்ச்சைக் கொடுத்து அடியில் பார்க்கச் சொன்னேன். உர மூட்டை சுமந்த வண்டிகளில் உரம் கசிந்து பின்தட்டைத் தின்றுவிடும். பிறகு சேஸிக்கு இறங்கும். எழுந்து வந்தவர் கையெல்லாம் துரு.

மூலையில் ஒரு வெள்ளை பிக்கப் இருந்தது. ஏதோ காண்ட்ராக்டர் ஓட்டியது. மேனுவல் கியர், நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர்வீல், பின்தட்டுக்குமேல் மூடிய கெனோபி. கதவில் ஒரு நசுங்கல். பக்கவாட்டில் பழைய ஸ்டிக்கர் பிய்த்த தழும்பு. விலையும் அவர் கைக்கு எட்டியது. அடி சுத்தம், இன்ஜின் சுத்தம், அழகு மட்டும்தான் இல்லை.

"கெனோபி இருக்கு. உருமித் தோலு நனையாது" என்றேன். குணா கறுப்பு வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். தேவி டேப் எடுத்து உயரத்தை அளந்தார். "நம்ம பார்க்கிங்ல நுழையும்" என்றார்.

கருமேகம் கூடிக்கொண்டு வந்தது. "மழை வருது பாய், கேரி தீவுக்குப் போயிட்டு வரோம்" என்றேன். பாய் பிரிட்ஜைத் திறந்து, பழத்தைப் பார்த்து, பெருமூச்சோடு மூடினார்.

போன வருடத்து இடம்

போய்ச் சேர்வதற்குள் நல்ல மழை. வேன் மாட்டிய அதே இடத்துக்கே கூட்டிப்போகச் சொன்னேன். இரண்டு பக்கமும் செம்பனை, நடுவில் மஞ்சள் குழம்பு.

"ஃபோர்வீல் போடுங்க தம்பி."

"இந்தச் சேத்துக்கா? இருங்கக்கா" என்று ஆக்சிலரேட்டரை மிதித்தார். பின்டயர் சுழன்றது, வண்டி உட்கார்ந்தது. அப்புறம்தான் ஃபோர்வீலில் மெதுவாக இழுக்கும் ஃபோர் லோ போட்டார். போட்டுவிட்டு மறுபடியும் அதே மிதி. நாலு டயரும் சேற்றை வாரி இறைத்து இன்னும் கொஞ்சம் இறங்கின.

குணா இறங்கி, வெட்டிப் போட்டிருந்த செம்பனை மட்டைகளை இழுத்து வந்து டயருக்கு முன்னால் சொருகினார். முழங்கால்வரை சேறு. நிமிர்ந்து பார்த்தால் டிரைவர் சீட்டில் தேவி.

"நீ எதுக்கு உக்காந்த?"

"நகருங்க."

இரண்டாவது கியர். ஆக்சிலரேட்டர் பக்கமே கால் போகவில்லை. கிளச்சை மட்டும், தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் இறக்குவது போல, மெல்ல மெல்ல விட்டார். வண்டி ஒரு முறை முனகியது. மட்டைமேல் ஏறியது. அப்படியே நடந்து வெளியே வந்துவிட்டது.

நான் அவர் பக்கம் திரும்பினேன். "எங்க கத்துக்கிட்டீங்கம்மா?"

"வேன்ல சின்னப் பிள்ளைங்க நின்னுக்கிட்டு இருக்கும் அக்கா. வெடுக்குனு எடுத்தா ஒண்ணு மேல ஒண்ணு விழும்." ஜன்னல் வழியே கணவரைப் பார்த்தார். "அப்ப போன வருஷம் மாட்டுனது என் வேன் இல்ல. உங்க காலு."

குணா சேற்றில் நின்றபடி யோசித்தார். பிறகு தலை நிமிர்ந்தார். "அப்ப வண்டியே வேணாமா? தேவி ஓட்டுனா வேனே போதுமே."

காலையிலிருந்து அலைந்த அலைச்சல் அத்தனையும் என் கண்முன் சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. இருந்தாலும் பொய் சொல்ல வாய் வரவில்லை. "அது நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணணும் தம்பி" என்றேன்.

தேவி தலையை ஆட்டினார். "வேன் தாழ்வு. போன வருஷம் சைலன்சர் கழண்டு, திங்கக்கெழமை பிள்ளைங்கள ஏத்த முடியாம அதுங்க அப்பா அம்மாகிட்ட எல்லாம் நான் ஏச்சு வாங்குனேன். அத மறந்துட்டீங்க. இந்த வெள்ளைய எடுங்க. வாரத்துல நீங்க ஓட்டுங்க. தோட்டத்துக்குள்ள நான் ஓட்டுறேன்."

குணா அந்த நசுங்கிய கதவை ஒரு முறை தடவினார். "சரி" என்றார். கறுப்பு வண்டிப் பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை

அந்த வாரத்திலேயே வண்டியின் பெயர் மாற்றும் வேலை முடிந்தது. பழம் மட்டும் பாக்கி. கோயில் வாசலில்தான் நசுக்குவேன் என்று தேவி சொல்லிவிட்டார். பாய் பழத்தைப் பையில் போட்டு என் கையிலேயே கொடுத்தனுப்பினார். "புதுசா வாங்குனதும்மா. வழியில ஜூஸ் போட்டுறாத."

முந்தின ராத்திரி முழுக்க மழை. கோயில் தலைவர் இடுப்பில் கை வைத்தபடி மண்சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். கரகம் தயார். நானும் பழப் பையோடு அவர் பக்கத்தில் போய் நின்றேன். நான் விற்ற வண்டியாயிற்றே.

செம்பனைகளுக்கு நடுவில் வெள்ளை தெரிந்தது. அவசரமே இல்லாமல், அதே நடை. வந்து நின்றது. கெனோபியைத் திறந்தால் உருமிகள் நனையாமல், வரிசையாக.

"அட, டயத்துக்கு வந்துட்டியே லா! யாரு டிரைவரு?" என்றார் தலைவர்.

குணா பக்கத்துச் சீட்டிலிருந்து இறங்கினார். ஊரே கேட்கும்படி, "என் வீட்டுக்காரி!" என்றார்.

தேவி வெட்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, பழம்!" என்று என்னை அதட்டினார். நான் ஓடிப்போய் நாலையும் வைத்தேன். கிளச்சை அதே மெதுவில் விட்டார். பழங்கள் நசுங்கின, உருமி முழங்கியது, கரகம் கிளம்பியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிக்கப் விற்கிறவள் அழுவதைப் பார்த்து ஒரு பாட்டி விபூதி பூசிவிட்டார்.

அன்றிலிருந்து, முதல் பிக்கப் வாங்க வருகிறவர்களிடம் எந்த வண்டி வேண்டும் என்று நான் எடுத்த எடுப்பில் கேட்பதில்லை. எங்கே நிறுத்துவீர்கள், பின்னால் என்ன ஏற்றுவீர்கள் என்று கேட்கிறேன். பதில் வந்ததும், கூட வந்தவரிடம் சாவியை நீட்டுகிறேன்.

"நானா? நான் சும்மா கூட வந்தேன்" என்பார்கள்.

"சும்மா ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வாங்க" என்பேன்.

அவர்கள் திரும்பி வரும்வரை பழம் பிரிட்ஜிலேயே இருக்கும். பாயும் இப்போது முறைப்பதில்லை.