எண்ணாமல் விட்ட கைகள்

என் கணவர் இரண்டாம் முறை நகரசபைத் தேர்தலுக்கு நின்றபோது, பெண்களிடம் ஓட்டுக் கேட்கும் வேலை என் தலையில் விழுந்தது. சொந்த வீட்டுக்கு வரி கட்டும் பெண்களுக்கு வெள்ளைக்காரர் காலமான அப்போதே ஓட்டு உண்டு. எங்கள் வட்டாரத்தில் அப்படிப்பட்டவர்கள் சிலர்தான், அவர்களிலும் பெரும்பாலோர் விதவைகள். ஆண்கள் வாசலில் நின்று குரல் கொடுத்தால் வெளியே வரமாட்டார்கள். நான் கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் பள்ளியில் பாடம் நடத்தியவள். வாயைத் திறந்து பேசுவேன் என்று என்னை அனுப்பினார்.

அவருக்குக் கீழவாசல் பக்கம் மருந்துக்கடை. கதர்ச் சட்டை, வட்டக் கண்ணாடி, சைக்கிள். ரயில் பாதைக்கு மேற்கே இருந்த எங்கள் கிறிஸ்தவக் கோவிலில் அவர்தான் சபைக் கமிட்டியின் காரியதரிசி. ஞாயிறு காலையில் கோவில், மாலையில் அரசியல் கூட்டம் என்று இரண்டையும் ஒரே கையால் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் சண்டை வரும் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

ஓட்டுக் கேட்கப் போனதில் ஒரு வீட்டை மறக்க முடியாது. தோல் வியாபாரம் செய்த ஒரு ராவுத்தரின் விதவை. வயது அறுபது இருக்கும். உள்கட்டில் திரைக்குப் பின்னால் என்னை உட்கார வைத்து, பனங்கற்கண்டு போட்ட பால் கொடுத்தார். நான் மனப்பாடமாக வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“சரிம்மா, போடுறேன்” என்றார். “நீங்க வேதக்காரவுகதானே? ஒங்க கோயில்லயும் இப்படி ஓட்டு வச்சு ஆளு எடுப்பாகளாம்ல. நீ யாருக்குப் போட்டே?”

எங்கள் கோவிலில் பெண்களுக்கு ஓட்டு இல்லை. வருஷக் கூட்டத்துக்குப் பெண்கள் வரலாம். இடது பக்கம் பாயில் உட்காரலாம், பாட்டுப் பாடலாம். வாக்கெடுப்பு வந்தால் கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அது வழக்கம் என்று சொல்லிச் சமாளித்தேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. “எங்க பள்ளிவாசல்லயும் அதேதான்” என்று மட்டும் சொன்னார்.

என்னைக் கூட்டிப்போக ஜட்கா வண்டியோடு தெருமுனையில் நின்ற கணவரிடம், திரும்பும் வழியில் இதைச் சொன்னேன். நல்ல கேள்விதான் என்று சிரித்தார். வண்டி தெற்குவாசலைத் தாண்டியதும், நம் கோவிலில் இதை யாரும் கேட்டதேயில்லையே என்றார்.

தேர்தலில் ஜெயித்தார். அடுத்த தை மாதம் வருஷக் கூட்டம் வந்தது.

அந்த வருஷம் கூட்டத்தின் முன் ஒரு விஷயம் இருந்தது. எங்கள் கோவில் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்த டீச்சரம்மாவைப் பற்றியது. என்னைவிட நாலைந்து வயது இளையவள். புருஷன் இலங்கைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. அங்கே இன்னொரு குடும்பம் வைத்திருந்தான். வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் அடிப்பான். ஒருமுறை அவள் கரும்பலகையில் எழுதும் வலது கை மணிக்கட்டை முறித்துவிட்டுப் போனான். அவள் கோர்ட்டுக்குப் போய் விவாகரத்து வாங்கினாள். அதுவும் லேசில் கிடைக்கவில்லை. ஆண் கேட்டால் மனைவி வேறு ஆணோடு தப்பு செய்தாள் என்று காட்டினால் போதும். பெண் கேட்டால் புருஷன் தப்பு செய்ததையும் காட்ட வேண்டும், அடித்ததையோ கைவிட்டதையோ தனியாகவும் காட்ட வேண்டும். சட்டம் அப்படி இருந்தது. தெரு முழுக்கச் சாட்சி சொல்லப் போனது.

சட்டம் விட்டாலும் சபை விடவில்லை. கோவிலில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் இராப்போஜனம் அவளுக்கு இல்லை, பள்ளியில் வேலையும் இல்லை என்று, என் கணவர் எதிர்த்தும், கமிட்டி முடிவு செய்தது. அதை உறுதி செய்யத்தான் வருஷக் கூட்டம்.

எங்கள் பாதிரியாரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். என் முதல் குழந்தை வாந்திபேதியில் போனபோது, பயந்து யாரும் வாசல் ஏறாத நேரத்தில், அவர்தான் வந்து தரையில் உட்கார்ந்து என்னோடு அழுதார். அதே மனிதர் அன்று எழுந்து, கடவுள் சேர்த்து வைத்ததைக் கோர்ட்டார் பிரிக்க முடியாது, நாளைக்கு ஒவ்வொரு பெண்ணும் வக்கீலைத் தேடிப் போனால் குடும்பம் என்ன ஆகும் என்று கேட்டார். நெஞ்சாரத்தான் கேட்டார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

என் கணவர் இரண்டு யோசனைகளை முன்வைத்தார். டீச்சரம்மா வேலையில் இருக்க வேண்டும். இதையும் இனி வரும் எதையும் தீர்மானிக்கும்போது பெண்களின் கையையும் எண்ண வேண்டும். ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும்போது அவளோடு பாயில் உட்காருகிறவர்களைக் கேட்காமல் தீர்மானிப்பது நியாயமா என்றார். யாரோ ஒருவர், இது நகரசபை இல்லை, கடவுளின் சபை என்றார். நிறையப் பேர் தலையாட்டினார்கள்.

வாக்கெடுத்தார்கள். அவருக்கு ஆதரவாக எழுந்தது அவர் கையும் ஒரு வயதான தபால்காரரின் கையும்தான்.

அவர் நடவடிக்கைப் புத்தகத்தை மூடிப் பாதிரியார் முன்னால் வைத்தார். “ஐயா, எனக்குக் கோபமில்ல. ஆனா இந்த முடிவை என் கையால எழுத முடியாது. நான் வாரேன்” என்றார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போனார். சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கும் சத்தம் உள்ளே கேட்டது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் கடைக்குப் போயிருந்தார். மத்தியானம் சாப்பிட வந்தவருக்குச் சோறு போட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார், “நீ ஏன் எந்திரிக்கல?”

“நானும் எந்திரிச்சா அங்க கேக்குறதுக்கு ஆளு இருக்காது” என்றேன். “நீங்க வெளிய இருந்து கேளுங்க. நான் உள்ள இருந்து கேக்குறேன்.”

அது அந்த நேரத்தில் வாயில் வந்தது. உண்மையில் பாதி பயம். என் குழந்தை அந்தக் கோவில் தோட்டத்தில்தான் புதைந்திருந்தது. அதை விட்டுவிட்டு எங்கே போவேன்? ஆனால் சொன்ன பிறகு, சொன்னதைச் செய்யத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டது.

அவர் மறுபடி கோவிலுக்குள் கால் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் பிள்ளைகளையும் கேட் வரை கொண்டுவந்து விடுவார். வேறு சபையில் சேரச் சொல்லி ஆள் வந்தது, சாமியே இல்லை என்று சொல்லும் கட்சியிலிருந்தும் ஆள் வந்தது. இரண்டு பேருக்கும் காபி கொடுத்து அனுப்பினார். காலையில் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசிப்பதை மட்டும் விடவில்லை. எங்கள் சாதிசனத்தில் சிலர் அவர் கடையில் மருந்து வாங்குவதை நிறுத்தினார்கள். அவருடைய அம்மா மூன்று மாதம் அவரோடு பேசவில்லை.

டீச்சரம்மாவுக்கு நகரசபைப் பள்ளியில் இடம் தேடினார். கல்விக் கமிட்டியில் அவர் இரண்டு கூட்டம் மல்லுக்கட்டிய பிறகு, செல்லூரில் நெசவாளர் பிள்ளைகளுக்காகத் திறந்த பெண்கள் பள்ளியில் போட்டார்கள். தறிச் சத்தத்தில் பாடம் சொல்லக் கத்த வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தாள். தொண்டைக்குச் சுக்கும் மிளகும் அனுப்பினேன்.

நான் உள்ளே இருந்து செய்தது ஒன்றும் பெரிதில்லை. செவ்வாய்க்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில் முதலில் நாலு பேரிடம் பேசினேன். அதில் இரண்டு பேர் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர்கள் திரும்பி வரவேயில்லை. அடுத்த வருஷக் கூட்டத்தில் வாக்கெடுப்பு வந்தபோது பாயில் இருந்து மூன்று கைகள் எழுந்தன. அதில் ஒன்று என் கை. பாதிரியார் எங்கள் பக்கம் பார்த்தார், பிறகு ஆண்கள் பக்கத்தை மட்டும் எண்ணினார். யாரும் எங்களைத் திட்டவில்லை. இல்லாத மாதிரி இருந்துவிட்டார்கள்.

அதற்கடுத்த வருஷம் பதினோரு கைகள். எண்ணவில்லை. மூன்றாம் வருஷம் எத்தனை என்று நானே எண்ண முடியவில்லை. பாதிரியாரின் மனைவியும் தூக்கினார். அவர் மூன்று வருஷமாக எங்களோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று முன்வரிசையில் உட்கார்ந்து, புருஷனுக்கு நேராகக் கையை உயர்த்தினார்.

பாதிரியார் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு எண்ண ஆரம்பித்தார். முதலில் ஆண்கள், பிறகு பாய்ப் பக்கம். எண்ணி முடித்ததும், “இம்புட்டுப் பேரை இத்தனை நாளா விட்டுட்டோமே” என்றார். வழக்கத்தை மாற்றும் தீர்மானம் அன்றே எழுதப்பட்டது. அதற்கும் எதிர்ப்பு இருந்தது. இரண்டு குடும்பங்கள் சபையை விட்டே போயின. அவர்களுக்காகவும் வருத்தப்பட்டேன்.

அடுத்த வருஷம் என்னைக் கமிட்டிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். டீச்சரம்மாவின் விஷயத்தை மறுபடி எடுத்தோம். தடையை நீக்க ஒன்றரை வருஷம் ஆனது. நான் செல்லூருக்குப் போய்ச் சொன்னபோது அவள் சந்தோஷப்பட்டுத் துள்ளுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். நோட்டுத் திருத்திக்கொண்டே கேட்டாள். “யோசிச்சுச் சொல்றேன்க்கா. இங்க எனக்குப் பழகிப்போச்சு” என்றாள். அவள் சொன்னது சரிதான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். கதவை நாங்கள் சாத்தினோம். திறந்தவுடன் அவள் ஓடி வர வேண்டும் என்று என்ன இருக்கிறது?

கோவிலுக்கு வந்தாள், சில மாதம் கழித்து. ஆனால் அதற்கு முன் இன்னொன்று நடந்தது. அவளோடு வேலை பார்த்த ஒரு வாத்தியார், மனைவியை இழந்தவர், அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். கோவிலில் வைக்கச் சபை இன்னும் சம்மதிக்கவில்லை. அந்த வாதத்தில் நான் தோற்றேன். பதிவாளர் ஆபீசில் கல்யாணம் வைத்தார்கள். என் கணவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

சாப்பாடு எங்கள் வீட்டில். இலை போட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் பாதிரியார் வந்து நின்றார். அங்கி இல்லை, சாதாரண வேட்டி சட்டை. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. என் கணவர் போய் எதிரில் நின்றார். அவர் கோவிலை விட்டு வந்து ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

“நான் பாதிரியாரா வரல. பொண்ணுக்கு ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போறேன்” என்றார் அவர்.

“சாப்பிடாமப் போனா ஜெபம் செல்லாது, ஐயா” என்றார் என் கணவர்.

ஜெபம் ரொம்பச் சுருக்கமாக இருந்தது. பிறகு இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். ரசம் வருவதற்குள் செல்லூர்ப் பள்ளிக்கு நகரசபை ஏன் இன்னும் தண்ணீர்க் குழாய் போடவில்லை என்று பாதிரியார் பிடித்துக்கொண்டார். என் கணவர் காரணம் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொன்றையும் வெட்டினார். மாப்பிள்ளையும் பெண்ணும் பாதிரியார் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். பாயசம் பரிமாற நான் போனபோது என் கணவர் மூன்று பேரிடமும் தோற்றுக்கொண்டிருந்தார், நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டும் இருந்தார்.