புது இயங்குதளமும் மட்டன் ரோல்ஸும்

எங்கள் குடும்பத்தில் படித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள். இதை நான் தேவைக்கு மேல் சொல்வதாகத் தம்பிக்கு ஒரு குறை. சொல்லாமல் விடுவதற்கா அவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்தேன்?

வீட்டுக் கணினிகளுக்குப் புதிதாக ஓர் இயங்குதளம் தயாரிக்கும் சின்ன நிறுவனத்தில் வேலை கிடைத்தது. கணினியைப் போட்டதும் திரையில் வருகிற அத்தனையையும் ஆட்டிவைப்பது அதுதான். சனங்களுக்கு அதில் விருப்பம் இருக்கிறதா என்று வீடு வீடாகப் போய் அறிவது என் பொறுப்பு. தகுதிகாண் காலம் முடியப்போகிறது. என் அறிக்கையைப் பார்த்துத்தான் என்னை வைத்திருப்பதா அனுப்புவதா என்று முடிவெடுப்பார்கள்.

புலம்பெயர்ந்து வந்து நாங்கள் இருக்கும் டோர்செட் பார்க் அடுக்குமாடியிலேயே தொடங்கினேன். மடிக்கணினியோடு நான் லிஃப்டில் ஏற முன்பே அம்மா அங்கிருந்த தமிழ் வீடு எல்லாவற்றுக்கும் போன் எடுத்துவிட்டார். "என்ர மகள் கொம்பியூட்டர் ஒண்டு செய்திருக்கிறா. கொண்டு வாறா, ஒருக்காப் பாருங்கோ."

போன வீடெல்லாம் மட்டன் ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தார்கள்.

"எப்பிடி இருக்கு அன்ரி?"

"சோக்காயிருக்கு பிள்ளை."

"நீங்கள் இன்னும் தொடவேயில்லை."

"தொட்டுப் பாத்தே சொல்லோணும்? நீ செய்ததெல்லே! ரோல்ஸை எடு, ஆறப்போகுது."

ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. அறிக்கையைப் படித்த மேலாளர் முகத்தைச் சுளித்தார். "இது விருப்பம் இல்லை, உபசாரம். வெள்ளிக்கிழமைக்குள் உண்மையான கருத்தோடு வா. இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும்."

எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. எங்கள் பிள்ளை செய்ததற்கு எங்கள் ஆட்கள் குறை சொல்ல மாட்டார்கள். வேறு யாரோ செய்தது என்றால்?

அடுத்த நாள் மோர்னிங்சைட் பக்கம் இருக்கும் தோழி ஒருத்தியின் பெற்றோர் வீட்டுக்குப் போனேன். "இது போட்டிக் கொம்பனி செய்தது, அங்கிள். என்ன பிழையெண்டு பாக்கத்தான் கொண்டுவந்தனான்" என்று கூசாமல் ஒரு பொய் சொன்னேன். அங்கிள் உடனே கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து அமர்ந்தார். அன்ரி அவருக்குப் பின்னால் நின்றார்.

"நிப்பாட்டுற பட்டன் எங்க?"

"மேல மூலையில, அங்கிள்."

"மூலையில என்ன செய்யுது? ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுதோ?"

"எழுத்தைப் பாருங்கோவன்" என்றார் அன்ரி. "எறும்பு ஊருற மாதிரி இருக்கு. கண்டறியாத சாமான்! உதைச் செய்தவனுக்கு வீட்டில தாய் தேப்பன் இல்லையோ?"

பட்டனை மூலையில் வைக்கச் சொன்னதே நான்தான். பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் எழுதினேன்.

"அப்ப உங்கட கொம்பியூட்டரில உதைப் போட மாட்டீங்கள்?"

"பழுதானா ஆரைக் கூப்பிடுறது?" என்றார் அங்கிள். "மகன் தூரத்தில, ஸ்ரௌவ்வில்லில வீடு வாங்கிப் போட்டான். கூப்பிட்டா ஞாயிற்றுக்கிழமை வாறன் எண்டுவான். எந்த ஞாயிறு எண்டு மட்டும் சொல்லான். நீ வந்து பாப்பியெண்டா இப்பவே போடு."

"இவ்வளவு குறை சொன்னீங்களே?"

"குறை கிடக்கட்டும். நீ வருவியோ?"

அந்த வாரம் போன மற்ற வீடுகளில் திட்டு வேறு வேறாக இருந்தது. இந்தக் கேள்வி மட்டும் மாறவில்லை.

வெள்ளிக்கிழமை மேலாளருக்கு எல்லாத் திட்டையும் ஒன்றுவிடாமல் மொழிபெயர்த்து வாசித்தேன். தாய் தகப்பனைப் பற்றிய இடத்தில், திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார்.

"சரி, அவர்களுக்கு இது வேண்டுமா, வேண்டாமா?"

"எழுத்தைப் பெரிதாக்கி, பட்டனை மூலையிலிருந்து வெளியே கொண்டுவந்தால் வாங்குவார்கள். ஆனால் பழுதானால் தமிழில் கூப்பிட ஓர் ஆள் இருக்க வேண்டும்."

"அப்படி யார் இருக்கிறார்கள் எங்களிடம்?"

நான் கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன். "வேலை நிரந்தரம் என்று முதலில் எழுதித் தாருங்கள். அந்த ஆளைப் பற்றிப் பிறகு பேசுவோம்."

அவர் பேனாவை எடுத்து எழுதித் தந்தார்.